ஒரு பக்கமாய்ச் சாய்ந்த டாக்சி

போன வாரம் அலுவலகத்தில் எனக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால், ஒரு காகிதத்தில் பெயரைத் தட்டச்சு செய்து, போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, "லேமினேஷன் நீங்களே பண்ணிக்கோங்க" என்று நீட்டினார்கள். டெல்லி கரோல் பாக்கில் அதற்கென்று ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் அட்டையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, சூடான உருளைகளுக்குள் விட்டார். மறுபக்கம் வெளியே வந்தபோது என் முகம் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"பையா, போட்டோ சாய்ந்துவிட்டதே" என்று இந்தியில் கேட்டேன்.

"சலேகா மேடம்" என்றார். அதாவது, இது போதும்.

சண்டை போட வாயைத் திறந்தேன். என் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டு வந்த முதல் அட்டை அது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ரேஷன் அட்டையைத் தவிர வேறு அட்டை கிடையாது. ஆனால் சண்டை வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. சூடான பிளாஸ்டிக் வாசனை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது பட்டால் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தக் கடையிலிருந்து நாலு சந்து தள்ளித்தான் கன்னாஜியின் பட்டறை இருந்தது. ஆறேழு வருடம் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் வேலை. கன்னா என்பது பஞ்சாபிக் குடும்பப் பெயர். அம்மாவுக்கு அது பிடிபடவேயில்லை. "மொதலாளியப் போயி கண்ணாங்கறியே, வெக்கமா இல்ல?" என்று முதல் மாதம் முழுவதும் திட்டினாள். ஜி சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றால், "அப்ப மருவாதையா கொஞ்சுறியா?" என்பாள்.

பட்டறையில் முகமூடி செய்தோம். தசராக் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் ராவணன், குரங்கு, சிங்கம் எல்லாம் அங்கே பிறந்தவைதான். செய்முறை எளிது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தில் இறுக்கி, சிவந்து எரியும் கம்பிகளுக்குக் கீழே நீட்டுவார்கள். முதலில் அது விறைப்பாக நிற்கும். பிறகு நெளியும். பிறகு சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாமனார் போல வயிறு தொங்கும். அந்த நொடியில் அச்சின் மேல் கவிழ்த்து, அடியிலிருந்து பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சினால், தாள் சட்டென்று அச்சோடு ஒட்டிக்கொண்டு சிங்கமாகிவிடும். ஆறியதும் உரித்தெடுத்துக் கண்ணுக்கு ஓட்டை போட வேண்டும். ஓட்டை போடுவது நான். என்னை வேலைக்கு எடுத்தது அதற்கல்ல, வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படிப்பதற்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதம் மாதத்துக்கு ஒன்று வரும். மீதி நாளெல்லாம் சிங்கத்தின் கண்.

கன்னாஜி என்னை "மேடம்ஜி" என்று கூப்பிடுவார். மரியாதை என்று நம்பினேன். அது கிண்டல் என்று புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

என்ன செய்வது, அப்போது எனக்கு அவ்வளவு தலைக்கனம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படிப்பேன், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்று. வீட்டில் என் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. டாக்டர் சீட்டு, ரேஷன் கடை, ஊருக்குப் போகிற ரயில், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். ஒரு முறை மழை வருமா என்று கேட்டார்கள். வராது என்றேன். துணி காயப்போட்டார்கள். வந்தது. "பாப்பா சொன்னது சரிதான், மழைதான் தப்பா வந்துருச்சு" என்றார் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தச்சு வேலை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அத்தையும் குழந்தைகளும் ஊரிலேயே இருந்தார்கள். அவருக்கு இந்தியில் தெரிந்தது "அச்சா" ஒன்றுதான். அதை வைத்தே டெல்லி முழுவதும் சுற்றி வந்தார். அப்பா ஃபரீதாபாத்தில் கட்டட வேலையில் இருந்தார். மாதத்துக்கு ஒரு முறை வருவார். நாங்கள் மூன்று பேரும் சாணக்யபுரியில், ஒரு வெளிநாட்டுச் சாகிப் வீட்டின் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இருந்தோம். அம்மா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்து வந்தாள். அறை சம்பளத்தோடு சேர்த்தி. குழாய் அறைக்குள்ளேயே இருந்தது. அந்த ஒற்றைக் குழாய்க்காக எத்தனை பேர் எங்கள் மேல் பொறாமைப்பட்டார்கள் என்று உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சாகிப் ஏதோ ஒரு குளிர் நாட்டுத் தூதரகத்தில் சின்ன அதிகாரி. நல்ல உயரம். எங்கள் அறை வாசலில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டு, மூன்றாம் முறையிலிருந்து வாசலுக்கு வெளியே நின்றே பேசினார். அவருக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று, இந்தி. வீட்டிலிருக்கும் ஒவ்வொரு சாமானிலும் அதன் இந்திப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருந்தார். கதவில் தர்வாஸா, நாற்காலியில் குர்சி. சமையலறையில் மீன் வடிவத்தில் ஜெல்லி செய்ய ஒரு கண்ணாடி அச்சு இருந்தது. அதன் முதுகில் சாஞ்சா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இவையெல்லாம் கண்ணேறு படாமல் இருக்க அவர்கள் ஊர் மந்திரவாதி எழுதிக் கொடுத்த சீட்டு என்று நினைத்துப் பயபக்தியோடு துடைப்பாள்.

இரண்டாவது பைத்தியம், ரிமோட் கார். ஒன்றே கால் அடி நீளம். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டுவார். ஞாயிறு காலையில் அவரும் மூன்று சிநேகிதர்களும் பின்பக்கத்து சிமென்ட் டென்னிஸ் மைதானத்தில் நாற்காலிகளை வளைத்துப் போட்டு, நடுவே பந்தயம் விடுவார்கள். நாலு பெரிய மனுசர்கள் குனிந்துகொண்டு கத்துவதை வேலைக்காரர்கள் எல்லோரும் ஜன்னல் வழியே பார்ப்போம்.

அந்தக் காரின் மேல்கூடு மட்டும் தனியாகக் கழன்று வரும். மெல்லிய கண்ணாடி பிளாஸ்டிக். அதற்கு வெளியே பெயின்ட் அடிக்க மாட்டார்கள், உள்பக்கமாக அடிப்பார்கள். மோதினாலும் வெளியே பளபளப்புப் போகாது என்பதற்காக. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அம்மாவுக்கு அதற்கும் பிற்பாடு.

ஒரு திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வயர் கூடை. கூடைக்குள் அப்பளம் போலச் சுருண்டு ஏதோ ஒன்று.

"என்னம்மா இது?"

"காரு."

"எந்தக் காரு?"

"சாகிப் காருடி. சமையக்கட்டுல காய வெச்சிருந்தாரு, அந்த மீன் பாத்திரத்துக்குப் பக்கத்துல. மீன் ஜெல்லி பண்ற பாத்திரம் மாதிரி இது கார் ஜெல்லி பண்றதுன்னு நெனச்சேன். உள்ளாற ஒரே செவப்பா அழுக்கு. ஒரு மணி நேரம் தேச்சேன். கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன். அப்புறம் ஈரம் போகட்டும்னு அடுப்புப் பக்கத்துல கவுத்தேன்."

"அடுப்பு எரிஞ்சுதா?"

"எரியாத அடுப்புல எப்படிடி காயும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. இதற்கு முன்னால் இருந்தவளை ஒரு கண்ணாடி ஜாடி உடைந்ததற்காக அனுப்பியவர்கள் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள். அப்போது வேறு சாகிப். ஆனால் அறை அதே அறை, சட்டமும் அதே சட்டம். வேலை போனால் சாயங்காலத்துக்குள் பாயைச் சுருட்ட வேண்டும். அம்மா அறையின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாகிப் பம்பாய் போயிருந்தார். சனிக்கிழமை இரவு வருவார். ஞாயிறு பந்தயம்.

"அழாதம்மா. நான் புதுசு பண்றேன்" என்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

"எங்க பட்டறைல இதத்தானே பண்றோம்." சிங்கத்துக்குக் கண் போடுகிறவள் பேசிய பேச்சு அது.

அம்மா உடனே அழுகையை நிறுத்திவிட்டாள். படித்த பெண் சொல்லிவிட்டாளே.

மறுநாள் கன்னாஜியிடம் கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கார் ஜெல்லியா?" என்று ஐந்து நிமிடம் சிரித்தார். பிறகு சனிக்கிழமை மதியம் மெஷினை ஒரு மணி நேரம் தருவதாகச் சொன்னார். "ஆனா சாஞ்சா நீங்கதான் கொண்டு வரணும் மேடம்ஜி." சாஞ்சா என்றால் இந்தியில் அச்சு. பட்டறையில் நாள் முழுக்கக் காதில் விழும் சொல். ராவணன் சாஞ்சா எங்கே, குரங்கு சாஞ்சாவைத் துடை, என்று.

சுருண்டதைப் பார்த்து அது என்ன காராக இருந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. எனவே தெரிந்த கார் ஒன்றைச் செய்வோம் என்று முடிவு செய்தேன். அம்மா, சாகிப் அலமாரியில் இருந்த காரின் சக்கரப் பகுதியைப் பாவாடை நாடாவால் அளந்து வந்தாள். நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. நான் அதை மாமாவிடம் கொடுத்து, அவசரமாகச் சொன்னேன்:

"மாமா, அம்பாசடர் கார் சாஞ்சா வேணும். மரத்துல. ஜல்தி. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுருங்க."

மாமா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். எதையோ கேட்க வந்தவர் போல வாயைத் திறந்தார். "அச்சா" என்று மூடிக்கொண்டார்.

மறுநாள் டாக்சி ஸ்டாண்டுக்குப் போய் ஒரு அம்பாசடரை இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். சில சமயம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு. டாக்சிக்காரர் இவரை டயர் திருட வந்தவர் என்று நினைத்து, டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டாராம். மாமா "அச்சா, அச்சா" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் இறங்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பிரித்தேன்.

அற்புதமான வேலை. உருண்ட மூக்கு, விளக்குகள், பின்பக்கத்துப் பெட்டி, கதவுக் கைப்பிடி கூட இருந்தது. எல்லாம் இருந்து, முழுக் காரும் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு பக்கத்து ஜன்னல் வழியே ஒரு கல்யாண வீடே ஏறி உட்கார்ந்தது போல.

"மாமா! ஏன் சாஞ்சிருக்கு?"

"நீதான பாப்பா சாஞ்சா வேணும்னு சொன்ன?"

"ஐயோ, சாஞ்சான்னா அச்சு! இந்தில அச்சு!"

"அச்சுன்னா அச்சுன்னு சொல்லணும். உன் தமிழே பாதி முழுங்கின தமிழு. சாஞ்சாப்ல வேணுங்கறன்னு நானா புரிஞ்சுக்கிட்டேன்."

"கார் எதுக்கு மாமா சாஞ்சாப்ல இருக்கணும்? கேக்க மாட்டீங்களா?"

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உன்னப் போயி எப்படிக் கேக்கறது? படிச்ச புள்ள சொன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். நேரா செதுக்கறது சுலுவு பாப்பா. சாஞ்சாப்ல செதுக்கறதுக்குள்ள தாவு தீந்துருச்சு. நாலு பக்கமும் ஒண்ணு போல சாயணும்ல?"

அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சாஞ்சிருக்குது" என்றாள். அவளும் நான் கேட்டுத்தான் சாய்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவள் கண்ணெதிரே அந்த அறையில் அது சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. வேலை முடிந்து வந்த நான் ஒரு முறை கூடத் துண்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. நான் சொல்லியாகிவிட்டது, அது நடக்கும், அவ்வளவுதான்.

வேறு செய்ய நேரமில்லை. சனிக்கிழமை அதையே பட்டறைக்குத் தூக்கிப் போனேன். கன்னாஜி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மேடம்ஜி, இது குடிச்சிருக்கா?"

காற்று போக மூலைகளில் ஊசித் துளைகள் போட்டோம். ஸ்வீட் பெட்டி மூடிக்கு வைத்திருந்த கண்ணாடித் தாளைக் காய்ச்சி, வயிறு தொங்கியதும் கவிழ்த்து உறிஞ்சினோம். அம்பாசடர் அப்படியே பதிந்தது. ஆனால் உரிக்க வரவில்லை. நேராக இருக்கும் அச்சு என்றால் கூடு மேலே வழுக்கி வந்துவிடும். இது சாய்ந்த பக்கத்தில் கொக்கி போல மாட்டிக்கொண்டது. இழுத்தோம், தட்டினோம். கடைசியில் கன்னாஜி உறிஞ்சுகிற குழாயைக் கழற்றிவிட்டு, ஊதுகிற குழாயை மாட்டினார். டப் என்று ஒரு சத்தம். கார் மேலே போனது. கூரையில் இடித்து, ராவணன் முகமூடிக் குவியலில் விழுந்தது. ஒரு கீறல் இல்லை. கன்னாஜி, "தில்லியிலேயே வேகமான டாக்சி" என்றார்.

பெயின்ட் வேலை என்னுடையது. உள்பக்கம் அடிப்பதால் எல்லாம் தலைகீழ். கடைசியில் எழுத வேண்டியதை முதலில் எழுத வேண்டும், அதுவும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி. டாக்சி என்று ஆங்கிலத்தில் திருப்பி எழுதினேன். மேலே மஞ்சள், கீழே கறுப்பு. காய்ந்ததும் அந்தப் பளபளப்பைப் பார்த்து எனக்கே பெருமையாகிவிட்டது. சாய்வு ஒரு குறையாகவே தெரியவில்லை. சற்றுத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் சரியாக இருந்தது.

அம்மா சனிக்கிழமை இரவே அதைச் சக்கரங்களின் மேல் மாட்டி, சப்பாத்தியை மூடுவது போல ஒரு துணியால் மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். நான் மன்னிப்பு வாக்கியம் ஒன்றை ஆங்கிலத்தில் தயார் செய்தேன். பாடப் புத்தகத்தில் விடுப்புக் கடிதத்தில் வரும் வாக்கியம். நூறு முறை சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிறு காலை சாகிப் துணியைத் தூக்கினார். சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்: "ஏ புள்ள, ஓடியா! இங்கிலீசு வேணும்!"

ஓடினேன். மாமாவும் பின்னாலேயே வந்தார். சாகிப் டாக்சியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சார், ட்யூ டு அன்அவாய்டபிள் சர்கம்ஸ்டன்சஸ்..." என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் வரவில்லை. பன்னிரண்டு வருடப் படிப்பும் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

சாகிப் கையைச் சாய்த்துக் காட்டினார். ஏன் இப்படி, என்று அர்த்தம். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. குற்றம் தன்னுடையதல்ல என்று சொல்லிவிட வேண்டும் என்று துடித்தார். என்னைக் கை காட்டி, சத்தமாக, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"சாஞ்சா, சார். சாஞ்சா."

சாகிப்பின் முகம் மலர்ந்தது. "சாஞ்சா? யூ? யூ மேட் த சாஞ்சா?"

"ஆமாங்க சார். சாஞ்சாதான்."

"அச்சா!" என்றார் சாகிப்.

"அச்சா!" என்றார் மாமா.

சாகிப் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருவர் அச்சு என்கிறார், ஒருவர் சாய்ந்தது என்கிறார். நடுவில் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல மொழிபெயர்ப்பு அதுதான்.

பிறகு அவர் பழைய கூடு எங்கே என்று கேட்டார். இந்த முறை கடிதப் புத்தகம் உதவிக்கு வராது என்று தெரிந்தது. "சார், மை மதர் வாஷ்ட் இட்" என்றேன். அம்மா உள்ளே போய்ச் சுருண்ட கூட்டை ஒரு கையிலும் மீன் ஜெல்லி அச்சை இன்னொரு கையிலும் ஏந்தி வந்தாள், கோர்ட்டில் சாட்சி வைப்பது போல. "இதும் இதும் ஒண்ணு மாதிரிதானே இருக்குது? நீங்களே சொல்லுங்க சார்" என்று தமிழில் நியாயம் கேட்டாள்.

அவர் மீனைப் பார்த்தார். அதன் முதுகிலிருந்த சீட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்து அம்மா தண்ணீர் எடுக்க ஓடினாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று பந்தயத்தில் எங்கள் டாக்சி மூன்றாவதாக வந்தது. நாலாவது கார் சுவரில் மோதிவிட்டது, அதனால். நாற்காலி வளைவுகள் எல்லாம் இடது பக்கம் திரும்புபவை. திரும்பும்போதெல்லாம் எங்கள் டாக்சி உயிரைக் கொடுத்துத் திரும்புவது போலத் தெரியும். நேரான பாதையிலும் அப்படியே தெரியும். ஜெயித்த காரை யாரும் பார்க்கவில்லை. மற்ற மூன்று பேரும் அவர்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். பட்டறைக்கே போய்க் கேட்டவர்களிடம் நேராக்கித் தருகிறேன் என்று கன்னாஜி சொன்னதற்கு, கூடாது, சாய்ந்ததுதான் வேண்டும் என்றார்களாம். சாகிப் புது டாக்சியின் உள்ளே ஒரு சீட்டு ஒட்டினார். அதில் எழுத்து இல்லை. ஒரு மீன் படம், அதன் மேல் பெருக்கல் குறி. அம்மா தானாகப் படித்த முதல் சீட்டு அதுதான்.

சாகிப் அடுத்த வருடமே மாற்றலாகிப் போனார். டாக்சியைப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துப் போனார். அவருக்குப் பதில் வந்தவர் சீட்டுகளையெல்லாம் சுரண்டிவிட்டார். நாங்களும் எனக்கு அலுவலக வேலை கிடைத்ததும் முனிர்காவுக்கு வந்துவிட்டோம். கன்னாஜியின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது சூட் துணிக் கடை. போன வாரம் அந்தப் பக்கம் நடந்து பார்த்தேன். ராவணன் இருந்த சுவரில் கோட்டு போட்ட பொம்மை நிற்கிறது, விறைப்பாக, நேராக. அச்சு மரம் மட்டும் எங்களோடு வந்தது. ஒரு ஜனவரிக் குளிரில் விறகு தீர்ந்துபோன நாள் அம்மா அதை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். "எரியறப்பக்கூட சாஞ்சுதான் எரிஞ்சுது" என்றார் மாமா.

ஆனால் அந்தக் காரோடு போனது வேறு ஒன்று. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் சொன்னால் யாரும் அப்படியே செய்வதில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று நான் சொன்ன பிறகு அம்மா பக்கத்து வீட்டிலும் கேட்கிறாள். மேகம் வந்தால் என்னைக் கேட்காமல் துணியை எடுத்துவிடுகிறாள். நான் பி.ஏ.வும் முடித்துவிட்டேன், பயனில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு இருந்த செல்வாக்கு இப்போது இல்லை.

போன வாரம் அட்டையைக் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமா அதை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை இடது பக்கம் சாய்த்தார்.

"ஏன் பாப்பா," என்றார், "இதும் நீயா கேட்டு வாங்குனதா?"